எட்டுப் போட்டவர்கள் மலையேறும்போது

வல்லக்கோட்டை முருகன் சமதரையில் நிற்கிறார். ஏழடி உயரத் திருமேனி, அருணகிரிநாதர் பாடிய தலம். கிருத்திகை என்றால் ஸ்ரீபெரும்புதூரிலிருந்தும் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்தும் வண்டிகள் வரிசை கட்டிவிடும். மலைக்கடவுளுக்கு இங்கே மலை கிடையாது. ஏரியும் வயலுமாகக் கிடந்த தட்டையான மண் இது. இன்று ஏரியும் தொழிற்சாலையுமாக இருக்கிறது. மேம்பாலத்தின் ஏற்றத்தைத் தவிர வேறு ஏற்றம் எதையும் இந்தப் பக்கத்து வண்டிகள் அன்றாடம் பார்ப்பதில்லை.

இதே மண்ணிலிருந்துதான் மலைக்கென்றே செய்த மோட்டார் சைக்கிள்கள் உலகுக்குப் போகின்றன. 1955-இல் திருவொற்றியூரில் தொடங்கிய ராயல் என்ஃபீல்டு 2013-இல் ஒரகடத்துக்கும் 2017-இல் பக்கத்து வல்லம் வடகாலுக்கும் வந்தது. 2016-இல் ‘ஹிமாலயன்’ என்று பெயரிட்டே ஒரு வண்டியை இறக்கியது. அதைச் செய்கிற கைகள் இங்கே இருக்கின்றன. வாங்கி ஓட்டுகிற இளைஞர்களும் இங்கேயே இருக்கிறார்கள். ஷிஃப்ட் முடிந்த சனிக்கிழமை இரவு பையைக் கட்டிக்கொண்டு ஏலகிரிக்கும் கொல்லிமலைக்கும் வால்பாறைக்கும் கிளம்புகிறார்கள். மலை இல்லாத ஊரில் வளர்ந்தவர்களுக்கு மலையில் ஓட்ட யார் சொல்லிக்கொடுப்பது? முன்பு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? இப்போது பணம் கட்டிச் சேரும் ஒருநாள், இரண்டுநாள் ஓட்டுப் பயிற்சி வகுப்புகள் உண்மையில் கைகொடுக்கின்றனவா? இந்தக் கேள்வி எனக்கு வெகுநாளாக உண்டு. இதற்குள் உயிர்கள் இருக்கின்றன.

அன்றைய நிலையிலிருந்து தொடங்குகிறேன்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் மோட்டார் சைக்கிள் என்றால் ஊருக்கு ஒன்றிரண்டு. அரிசி மில்காரர், வாத்தியார், பால் சொசைட்டிச் செயலாளர் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். புல்லட், ராஜ்தூத், யெஸ்டி. 1980-இல் டிவிஎஸ் 50 வந்த பிறகுதான் விவசாயி வீட்டுக்குள் இஞ்சின் சத்தம் கேட்டது. 1985-இல் ஹீரோ ஹோண்டாவும் யமஹா ஆர்எக்ஸ் 100-உம் வந்து இளைஞர்களின் கனவை மாற்றின.

ஓட்டக் கற்பதற்கு ஒரு படிவரிசை இருந்தது. முதலில் அப்பாவின் பெரிய சைக்கிளில் பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல். அதில் சமநிலை வரும், முட்டியில் தழும்பும் வரும். பிறகு டிவிஎஸ் 50. அதற்குப் பிறகு மாமாவோ சித்தப்பாவோ ஒரு சாயங்காலம் ஏரிக்கரைக்கு வண்டியைத் தள்ளிவரச் சொல்வார். அவர் பின்னால் உட்கார்ந்துகொள்வார். “கிளட்ச மெதுவா விடுடா. வண்டி துடிக்குது பாரு, அந்த எடத்துல நிறுத்து. இப்ப ஆக்சிலேட்டர் குடு.” அந்தத் துடிப்பைக் கையால் உணரும் இடம்தான் அரைக் கிளட்ச். அது வராமல் வண்டி பலமுறை குதித்து அணையும். மாமா திட்டுவார், ஆனால் இறங்கிப் போகமாட்டார். மாதக்கணக்கில் இது நடக்கும். மழையில், செம்மண் சேற்றில், நெல் மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதிரே மாட்டு வண்டி வர ஒதுங்கிக்கொண்டு, எல்லாச் சூழலிலும் ஓட்டிப் பழகுவார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்தை நான் மதிக்கிறேன். பொறுமையும் திரும்பத் திரும்பச் செய்தலும் அதன் பலம். கரை குறுகலானது. ஒருபக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளம். அதில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் நேராகப் போகத் தெரிந்தவனுக்கு மெதுவாக ஓட்டும் கலை தானாக வந்துவிடும். பின்னாளில் கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் திரும்பும்போது தேவைப்படுவதும் அதே கலைதான்.

ஆனால் அந்தப் பாடத்தில் ஓட்டைகளும் இருந்தன. அவற்றில் பெரியது: “முன் பிரேக்கத் தொடாத, தூக்கிப் போட்டுடும்.” இதைக் கேட்காமல் வளர்ந்த பையன் இந்தப் பக்கத்தில் இருக்கமாட்டான். அந்தக் காலத்து மண் பாதைக்கு அதில் நியாயம் உண்டு. மணலில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி சரியத்தான் செய்யும். தார்ச்சாலையில் கதை தலைகீழ். பிரேக் பிடித்ததும் எடை முன்னே சாய்கிறது, முன்சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்கிறது, பின்சக்கரம் லேசாகிறது. நிறுத்தும் வலுவில் பெரும்பங்கு முன் பிரேக்கில்தான். பின் பிரேக்கை மட்டும் மிதிக்கப் பழகியவன் அவசரத்தில் பின்சக்கரத்தைப் பூட்டி, வால் ஆட, கோடு இழுத்துக்கொண்டே போய் மோதுவான். மலை இறக்கத்தில் இது இன்னும் கொடுமை. இறக்கத்தில் எடை ஏற்கெனவே முன்னால் இருக்கிறது. பின்சக்கரத்துக்குப் பிடிமானம் குறைவு.

இது நம் ஊர்க் குறை மட்டுமில்லை. தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழு லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை தந்தது. விபத்தில் சிக்கியவர்களில் 92 விழுக்காட்டினர் தாமாகவோ குடும்பத்தார், நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். அவசரத்தில் அவர்கள் செய்ததும் அதே தவறு: பின் பிரேக்கை மிதித்துச் சறுக்கினார்கள், முன் பிரேக்கை வேண்டிய அளவு பிடிக்கவில்லை. அங்கேயும் மாமாக்கள் இருந்திருக்கிறார்கள்.

மலை அறிவு அன்று வேறொரு வழியாக ஊருக்குள் வந்தது. லாரி ஓட்டப் போனவர்கள் கொண்டுவந்தார்கள். “எந்த கியர்ல ஏறுனியோ அந்த கியர்லயே எறங்கு” என்பது அவர்கள் சொல். நான் கேட்ட மலைப்பாடங்களிலேயே சுருக்கமானதும் சரியானதும் அதுதான். தாழ்ந்த கியரில் இஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக் சூடேறிப் பிடிமானம் இழக்காது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கியவர்களின் கதையையும் அவர்கள்தான் சொல்வார்கள், குரலைத் தாழ்த்தி. தொப்பூரில் பார்த்ததை டீக்கடையில் சொல்லக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்குக் கணவாய் என்றால் ஒரு பயம் இருந்தது. அந்தப் பயமும் ஒரு பாடம்தான்.

அரசாங்கம் கேட்டதோ ஒன்றே ஒன்று: எட்டு. ஆர்டிஓ மைதானத்தில் காலை ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்டினால் உரிமம். எட்டு மோசமான சோதனை இல்லை. மெதுவான வேகம், தலையைத் திருப்பிப் பார்ப்பது, கிளட்சும் பிரேக்கும் சேர்ந்து வேலை செய்வது எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஆனால் எட்டில் அவசர பிரேக் இல்லை. எதிரே வண்டி வருவதில்லை, சரிவு இல்லை, ஜல்லி இல்லை. தரையில் காலை ஊன்றாததற்குப் பரிசாகக் கிடைக்கும் அட்டையைக் காட்டி ஒருவர் மறுநாளே கொல்லிமலையின் 70 வளைவுகளில் ஏறலாம். சட்டம் அனுமதிக்கிறது. இன்றும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை.

வேகத்தைப் பாடமாகச் சொல்லித்தர நம் பக்கத்தில் இடம் வந்தது பந்தயத்தின் வழியாக. 1953-இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் முதலில் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையில் பந்தயம் நடத்தியது. பிறகு 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென ஒரு தடம் அமைத்தது. சுமார் 3.7 கிலோமீட்டர் நீளம். வல்லக்கோட்டையிலிருந்து அரைமணி நேரத் தொலைவு. ஹூண்டாய் தொழிற்சாலை அந்தப் பக்கம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்தத் தடம் அங்கே இருந்தது. ஆனால் ஊராருக்கு அது பந்தயக்காரர்களின் இடம். வேலிக்கு அப்பாலிருந்து சத்தம் மட்டும் கேட்கும்.

சாதாரண ஓட்டிகளுக்கு அந்த வேலி திறந்தது 2010 வாக்கில். அமெரிக்காவில் 1980-இல் கீத் கோட் தொடங்கிய கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் இங்கே வந்து வகுப்பு நடத்தத் தொடங்கியது. சென்னையின் பந்தய வீரர் ரஜினி கிருஷ்ணன் போன்றவர்கள் தாங்களே பயிற்சிக்கூடம் வைத்தார்கள். டக்கார் பந்தயத்தை முடித்த முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ் 2015-இல் அந்தச் சாதனையைச் செய்தவர். கோலார் பக்கம் அவர் அமைத்த பிக் ராக் மைதானத்தில் மண்ணிலும் பாறையிலும் ஓட்டச் சொல்லித்தருகிறார்கள். மலைக்குப் போகிறவர்களுக்கு அது பந்தயத் தடத்தைவிட நெருக்கமான பள்ளி.

இந்த வகுப்புகளில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வெளியே இருப்பவர்கள் இதை வேகமாக ஓட்டக் கற்றுத்தரும் இடம் என்று நினைக்கிறார்கள்.

தடத்தில் முதல் பயிற்சியே பிரேக்கைத் தொடாமல், ஒரே கியரில் சுற்றிவரச் சொல்வது. வேகம் காட்ட வழியே இல்லை. வளைவுக்குள் நுழையும் முன் எந்த வேகம் சரி என்பதைக் கண்ணும் காதும் கணிக்க வேண்டும். உள்ளே போன பிறகு ஆக்சிலேட்டரை மெதுவாக, சீராகத் திறந்துகொண்டே வர வேண்டும். அடுத்தது, எந்த இடத்தில் திரும்பத் தொடங்குவது என்று முன்கூட்டியே ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்வது. பிறகு ஹேண்டில்பாரைத் தள்ளி வண்டியைச் சாய்ப்பது. வலப்பக்கம் சாய வேண்டுமானால் வலப் பிடியை முன்னால் தள்ள வேண்டும். இருபது வருடம் ஓட்டியவர்கள் பலர் இதை முதல்முறை கேட்கும்போது மறுக்கிறார்கள். செய்துபார்த்ததும் மௌனமாகிறார்கள். பிறகு கைகளைத் தளர்த்துவது. பயத்தில் பிடியை இறுக்கினால் வண்டி நடுங்கும். கடைசியாகக் கண்: திரும்பும் இடத்தை முதலில் பார், வண்டி அங்கே சேரும் முன்பே பார்வையை வளைவின் முடிவுக்கு எடுத்துப் போ.

மலையில் சாகிறவர்களில் எத்தனையோ பேரைக் கொல்வது கண்தான். எதிரே பஸ் வந்தால் பஸ்ஸையே பார்ப்பான், வண்டி பஸ்ஸை நோக்கிப் போகும். பள்ளத்தைப் பார்ப்பான், பள்ளத்துக்கே போவான். பார்க்கும் இடத்துக்கு வண்டி போகும் என்பது அனுபவசாலிகளுக்குத் தெரியும். ஆனால் தெரிவது வேறு, பயந்த நொடியில் பார்வையைப் பிடுங்கித் தப்பும் வழியின் மேல் வைப்பது வேறு. அது பழக்கத்தால் வருவது. பழக்கத்துக்கு ஒருவர் பின்னாலேயே வந்து, ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் நிறுத்தி, “மூணாவது வளைவுல உங்க தலை திரும்பவே இல்ல” என்று சொல்ல வேண்டும். இதுதான் வகுப்பின் உயிர். மாமா பின்னால் உட்கார்ந்திருந்தார். வண்டி துடிப்பதை அவர் உணர்ந்தார். ஆனால் முன்னால் இருப்பவனின் கண் எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியாது.

மண் பயிற்சியில் பாடம் வேறு. ஃபுட்பெக்கில் எழுந்து நின்று, முழங்கால்களால் டேங்கைப் பிடித்து, வண்டியைத் தனக்குக் கீழே ஆடவிடுவது. சரிவின் நடுவில் வண்டி அணைந்துவிட்டால் என்ன செய்வது: முன் பிரேக் மட்டும் பிடித்தால் பின்னோக்கிச் சறுக்கும், ஆகவே கியரிலேயே விட்டுக் கிளட்சைப் பிரேக் மாதிரி பயன்படுத்திக் கொஞ்சம் கொஞ்சமாக வண்டியைத் திருப்புவது. கீழே விழுந்த இருநூறு கிலோ வண்டியை முதுகு ஒடியாமல் காலின் வலுவால் தூக்குவது. பின்சக்கர ஏபிஎஸ்ஸை எப்போது அணைப்பது, தார்ச்சாலை வந்ததும் ஏன் மறக்காமல் போடுவது. 2020-இல் ஹிமாலயனுக்கு அந்தப் பொத்தான் வந்தது. வைத்திருக்கிறவர்களில் பலருக்கு அது எதற்கு என்று தெரியாது. வண்டியின் அறிவு ஓட்டியின் அறிவைத் தாண்டிப் போய்விட்ட காலம் இது.

ஒரகடம் பக்கம் மெக்கானிக் கடை வைத்திருந்த ஒரு பெரியவரும், வகுப்புக்குப் போய்வந்த ஒரு தொழிலாளித் தம்பியும் பேசிக்கொண்டிருந்ததை ஒருநாள் கேட்டேன்.

“ஒரு நாளைக்கு அவ்ளோ துட்டா? எங்கிட்ட வந்திருந்தா சும்மாவே சொல்லித் தந்திருப்பேனே தம்பி.”

“நீங்கதாண்ணே முன் பிரேக்கத் தொடாதன்னீங்க.”

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அது டிரம் பிரேக்குப்பா,” என்றார். பிறகு, “எறக்கத்துல கியர எறக்கச் சொல்லித் தந்தாங்களா?” என்று கேட்டார்.

“அது தடத்துல இல்லண்ணே. அங்க எறக்கமே கெடையாது.”

இரண்டு பேரும் சரிதான். என் விடை இவர்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

வகுப்பு திறமையைக் கூட்டுகிறதா என்றால், கூட்டுகிறது. சந்தேகமில்லை. காலையில் வளைவுக்குள் தடுமாறி நுழைந்தவர் மாலையில் ஒரே கோட்டில் போகிறார். பிரேக் பிடித்து நிற்கும் தூரம் குறைகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குள் வண்டி 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். அந்த ஒரு விநாடியில் கை முதலில் முன் பிரேக்குக்குப் போகிறதா என்பதில்தான் உயிர். இந்தத் திருத்தம் ஒருநாள் பயிற்சியிலேயே தொடங்கிவிடுகிறது.

அப்படியானால் விபத்தும் குறைகிறதா? இங்கேதான் நிதானம் வேண்டும். உலகெங்கும் நடந்த பயிற்சி ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2010-இல் வந்தது. பயிற்சி விபத்தைக் குறைக்கிறது என்று உறுதியாகச் சொல்லுமளவுக்கு நல்ல சான்று இல்லை என்றது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் புதிதாக உரிமம் பெற்ற இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குச் சாலையிலேயே நேர்முகப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2016-இல் முடிவு வெளியானது. பயிற்சி பெற்றவர்களின் விபத்து குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. கூடியிருந்தது தன்னம்பிக்கையும் அதிகம் ஓட்டும் பழக்கமும் வேகமும்.

நார்வேயின் அனுபவம் இன்னும் துல்லியமானது. 1979-இல் புதிய கார் ஓட்டுநர்களுக்கு வழுக்கும் சாலையில் ஓட்டும் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். பிறகு கணக்குப் பார்த்தபோது இளம் ஆண்களிடையே வழுக்குச் சாலை விபத்து கூடியிருந்தது. வண்டி சறுக்கினால் மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கை வந்துவிட்டது, மீட்கும் திறமை அந்த அளவுக்கு வரவில்லை. அதன் பிறகு அந்த நாடு பாடத்தையே திருப்பிப் போட்டது. சறுக்கும் வண்டியை எப்படிக் காப்பாற்றுவது என்பதற்குப் பதில், நீ நினைப்பதைவிட எவ்வளவு சீக்கிரம் சறுக்கிவிடுவாய் என்பதைக் காட்டத் தொடங்கியது.

பனிமலை நாடுகளில் பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிகளின் ஓட்டிகளுக்கும் இப்படிப்பட்ட வகுப்புகள் பெருகியிருக்கின்றன. அமெரிக்காவின் ஐடஹோவிலும் மற்ற மலை மாநிலங்களிலும் மரங்களுக்கு நடுவே, செங்குத்துச் சரிவின் குறுக்காக வண்டியை ஒருக்களித்து ஓட்டிச்செல்லும் வித்தையை நாள் கணக்கில் சொல்லித்தருகிறார்கள். அங்கே நல்ல பயிற்சியாளர்கள் வித்தையோடு பனிச்சரிவு அறிவையும் சேர்த்தே கற்பிக்கிறார்கள். சிக்னல் கருவி, துழாவுகோல், மண்வாரி மூன்றும் முதுகில் இல்லாமல் யாரையும் அழைத்துப் போவதில்லை. திறமை கூடினால் இன்னும் ஆபத்தான சரிவுக்குப் போகத் தோன்றும் என்பது அவர்களுக்குத் தெரியும். எந்தச் சரிவைத் தொடக்கூடாது என்ற பாடம் இல்லாமல் திறமையை மட்டும் விற்பதில்லை.

நம் மலைகளில் பனிச்சரிவு இல்லை. ஆனால் தடத்தில் இல்லாத எல்லாம் இருக்கிறது. ஏலகிரியின் 14 வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகையைப் படிக்கத் திரும்பும் கண்ணுக்கு எதிரே இறங்கும் டவுன்பஸ் தெரியாது. பஸ்ஸுக்கு வளைவின் முழு அகலமும் வேண்டும். அது நம் பக்கத்துக்கு வந்துதான் திரும்பும். வளைவின் உள்பக்கம் மழைநீர் அரித்த ஜல்லி. மரநிழலில் பாசி. நடுச்சாலையில் குரங்குக்கு வாழைப்பழம் கொடுக்க நிற்கும் கார். ‘ஒலி எழுப்பவும்’ என்ற பலகைக்கு முன்னால் ஹாரனை மறந்த இளைஞன். ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். இறங்குகிறவன் வேகத்தில் இருப்பதால் ஏறுகிறவன்தான் ஒதுங்குகிறான்.

தடத்தில் ஒரே வளைவு நாள் முழுதும் ஒரே மாதிரி இருக்கும். அதனால்தான் அங்கே நுட்பத்தைக் கற்க முடிகிறது. மலையில் ஒரு வளைவு ஏறும்போது ஒன்று, இறங்கும்போது வேறொன்று, மழைக்குப் பிறகு மூன்றாவது. தடத்தில் கற்ற கோட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வந்து மீண்டும் வெளியே போகும் கோட்டை, அப்படியே மலைக்குக் கொண்டுபோகிறவன் எதிர்ப்பக்க லேனுக்குள் தலையை நீட்டுகிறான். மலையில் கோடு என்பது தன் லேனுக்குள் மட்டும்தான். வளைவின் முடிவு கண்ணுக்குத் தெரியும்வரை உள்ளே சாயக்கூடாது, பொறுத்திருக்க வேண்டும். இதை அழுத்திச் சொல்லாத வகுப்பு மலைக்குப் போகிறவனுக்குப் பாதி வகுப்புதான்.

ஆகவே என் தீர்ப்பு இது. பயிற்சி வகுப்பு மலை ஓட்டத்தைத் திருத்துகிறது, இரண்டு நிபந்தனைகளோடு. ஒன்று, மெதுவான ஓட்டத்தையும் பிரேக்கையும் கண்ணையும் முதலில் சொல்லித்தர வேண்டும். முட்டி தரையில் உரசப் புகைப்படம் எடுத்துக்கொடுப்பதைப் பரிசாக வைக்கக்கூடாது. இரண்டு, வகுப்பு முடிந்த பிறகு ஏரிக்கரை வேண்டும். அந்த மாதக்கணக்கான பழக்கம், அந்தத் திரும்பத் திரும்பச் செய்தல். வகுப்பில் கற்றது தோசைக்கல்லில் ஊற்றிய மாவு போல உடனே வடிவம் பிடிக்கிறது, ஆனால் வேகக் காத்திருக்காமல் எடுத்தால் பிய்ந்துவிடும். பணம் கட்டிப் படித்த பலர் அடுத்த வாரமே குழுவாகக் கிளம்பி, முன்னால் போகிறவனைப் பிடிக்கப் போகிறார்கள். படித்தது அங்கேயே கரைகிறது. காலியான சிப்காட் சாலையில் ஞாயிறு காலை தனியாக அவசர பிரேக் பழகுகிற ஓட்டியை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன். பார்த்தபோதெல்லாம் மனம் நிறைந்திருக்கிறது.

அன்றைய பள்ளியில் இன்னொரு பெரிய குறை இருந்தது. ஏரிக்கரையில் மாமா பையன்களுக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். பெண்பிள்ளைக்குப் பின்சீட்டில் ஒருபக்கமாக உட்காரும் இடம்தான். அந்தத் தலைமுறைப் பெண்கள் எவ்வளவு சாமர்த்தியசாலிகளாக இருந்தும் கிளட்ச் துடிக்கும் இடத்தை அவர்கள் கையில் உணரவில்லை. இன்று நிலை மாறியிருக்கிறது. ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-இல் எஃப்ஐஎம் பாஹா உலகக் கோப்பையின் பெண்கள் பட்டத்தை வென்றார். மோட்டார் பந்தயத்தில் உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர் அவர். சென்னையின் அலிஷா அப்துல்லா பெண்களுக்கென்றே பந்தயப் பயிற்சி தொடங்கினார். முறையான வகுப்பு செய்த மிகப்பெரிய நன்மை இதுதான் என்று நினைக்கிறேன். அங்கே உங்களுக்கு மாமா தேவையில்லை. பணம் கட்டினால் போதும், யாருக்கும் சொல்லித்தருவார்கள், கேலி பேச யாரும் இல்லை.

ஆனால் அந்தப் பணம்? வல்லம் வடகால் சிப்காட்டில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு புதிய ஊரே முளைத்திருக்கிறது. அங்கே தங்குகிற பெண்களில் எத்தனையோ பேர் ஸ்கூட்டி வாங்கும் கனவோடு மாதச்சீட்டு கட்டுகிறார்கள். அவர்கள் ஓட்டப்போவது மலையில் இல்லை. டிரெய்லர்களும் கம்பெனி பஸ்களும் ஓடுகிற ஒரகடம் சாலையில். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் போனவர்கள். அவர்களில் மலைக்குச் சுற்றுலா போனவர்கள் மிகச்சிலர். பெரும்பாலோர் வேலைக்குப் போனவர்கள், வேலை முடிந்து திரும்பியவர்கள்.

பந்தயத் தடத்தில் உயர்விலைக்குக் கிடைக்கிற அந்த நுட்பங்களில் பாதி, அதாவது முன் பிரேக், கண், கைத்தளர்வு, மெதுவான திருப்பம், எட்டு மஞ்சள் கூம்புகளும் ஒரு வெற்று மைதானமும் இருந்தால் சொல்லித்தரக்கூடியவை. உலகமே வாங்குகிற வண்டிகளைச் செய்யும் இந்தத் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து வருபவர்களுக்கு அப்படி ஒரு மைதானம் இல்லை. கம்பெனி ஆட்கள் வருடத்துக்கு ஒருமுறை தலைக்கவசத் துண்டுப் பிரசுரம் கொடுக்கிறார்கள், சாலைப் பாதுகாப்பு வாரத்தில் பேனர் கட்டுகிறார்கள். எட்டு போடும் சோதனையோடு ஓர் அவசர பிரேக் சோதனையையும் சேர்த்தாலே ஊர் ஊராக ஓட்டுநர் பள்ளிகள் அதைச் சொல்லித்தரத் தொடங்கிவிடும். சோதனையில் வருவதைத்தான் பள்ளி சொல்லித்தரும்.

அந்த மெக்கானிக் பெரியவர் அன்று பேச்சு முடிந்து எழுந்தபோது தம்பியிடம் கேட்டது வேறொன்று. தன் பேத்தி ஸ்கூட்டரில் காலேஜ் போகிறாளாம். “அவளுக்கு இந்தப் பிரேக்க மட்டும் நீ ஒருநாள் சொல்லித் தர்றியாப்பா? நம்ம சொன்னா பழசுன்னுடுவா.” தம்பி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். இடம் மட்டும் முடிவாகவில்லை. ஏரிக்கரையில் இப்போது குழாய் பதிக்கிறார்கள்.